உப்பு சொன்ன கணக்கு

பசித்தவர்க்கு உணவளிப்பது தருமம் என்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் கொள்கையாகும். பசித்து வந்தவர் ஒருவராயினும் பதின்மராயினும், அடுப்படியில் இருப்பவர் கண்ணால் பார்த்தே உலையில் அரிசியிட்டு விடலாம். வந்தவர் பல்லாயிரவராகி, அவர்கள் ஒரு கோட்டை மதிலுக்குள் தஞ்சம் புகுந்தும் விட்டால் நிலைமை வேறாகிறது. அப்போது முதலில் தேவைப்படுவது ஒரு கணக்கு. உள்ளே இருப்பவர் எத்தனை பேர்? இக்கேள்விக்கு விடை தெரியாத வரையில், எவ்வளவு தானியம் அனுப்புவது, எத்தனை வைத்தியர்களை நியமிப்பது, எவ்வளவு தண்ணீர் கொண்டு சேர்ப்பது என்ற எல்லா முடிவுகளும் உத்தேசமாகவே அமையும்.

1947ஆம் ஆண்டில் டில்லி மாநகரில் இத்தகைய கேள்வி ஒன்று எழுந்தது. அதற்கு விடையளித்தது எவரும் பொருட்படுத்தாத ஒரு சரக்கு. சமையலுக்கு இடும் உப்பு. துயர் தணிக்கும் பணியில் ஈடுபட்டுள்ளோரும், கணிதம் பயிற்றும் ஆசிரியர்களும் அறிந்து பயன்பெறத்தக்க செய்தி இதில் அடங்கியுள்ளது.

தலைநகரின் நெருக்கடி

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. உடன் பிரிவினையும் நேர்ந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் வீடு வாசலை இழந்த மக்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தனர். செப்டம்பர் முதல் வாரத்தில் டில்லியிலேயே பெருங்கலவரம் மூண்டது. அம்மாதம் 6ஆம் தேதியன்று மத்திய மந்திரி சபையின் அவசரக் குழு அமைக்கப்பட்டது. அகதிகளின் நிவாரணத்திற்கும் புனர்வாழ்வுக்கும் தனி இலாகா ஒன்றும் தோன்றியது.

நகரின் வடபகுதியில் கிங்ஸ்வே முகாம் எல்லை கடந்து வந்தவர்களால் நிரம்பியது. அதே நாட்களில், டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உயிருக்கு அஞ்சித் தம் வீடுகளை விட்டு ஓடிய முஸ்லிம் மக்கள் புராணா கிலா என்னும் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் சமாதித் தோட்டத்திலும் அடைக்கலம் புகுந்தனர். வந்தவரும் அகதிகள், செல்பவரும் அகதிகள். ஒரே நகரம் இருசாராருக்கும் ஒரே சமயத்தில் உணவளிக்க வேண்டியதாயிற்று.

இதன் பரிமாணத்தைச் சில எண்கள் விளக்கும். 1941ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி டில்லி மாகாணத்தில் இருந்தவர்கள் 9,17,939 பேர். 1951இல் அத்தொகை 17,44,072 ஆயிற்று. இவர்களுள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தவர்கள். அதே காலத்தில் ஏறத்தாழ 3 லட்சம் முஸ்லிம்கள் டில்லியை விட்டு வெளியேறியிருந்தனர். டில்லிக்கு வடக்கே குருக்ஷேத்திரத்தில் ஒரு லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட கூடார நகரில் அதைப்போல் மும்மடங்கு மக்கள் தங்க நேர்ந்தது. அங்கு நாள்தோறும் 100 டன் மாவு செலவாயிற்று. இந்நிலையில், தானியம் ஒவ்வொரு மூட்டையும் எந்த வாயிலுக்குச் செல்ல வேண்டும் என்பது உயிரைக் காக்கும் அல்லது போக்கும் முடிவாக இருந்தது.

எண்ண முடியாத கூட்டம்

இந்தியப் புள்ளியியலாளர்களுள் தலைசிறந்தவரான சி. ஆர். ராவ் அவர்கள் 1987இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் சார்பில் ராமானுஜன் நினைவுச் சொற்பொழிவுகளை ஆற்றினார். அவை பின்னர் நூலாகவும் வெளிவந்தன. 1947ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை அந்நூலில் அவர் விவரித்துள்ளார்.

கலவரத்தின்போது சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர்களில் ஒரு பெருங்கூட்டம் செங்கோட்டைக்குள்ளும், ஒரு சிறு கூட்டம் ஹுமாயூன் சமாதியிலும் தஞ்சம் புகுந்தது. அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. உணவுப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் வேலை ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளிருப்போரின் தொகையை அரசாங்கம் அறியாததால், ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த பட்டியலில் கண்ட அளவுகளை அப்படியே ஏற்றுப் பணம் வழங்க வேண்டியிருந்தது. செலவு மிக அதிகமாகவே, உள்ளிருப்போரின் தொகையைக் கணிக்குமாறு புள்ளியியல் நிபுணர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

இதில் இடர்ப்பாடுகள் பல இருந்தன. முதலாவதாக, தொகை ஆயிரக்கணக்கிலா, பல்லாயிரக்கணக்கிலா என்ற உத்தேசம்கூட இல்லை. இரண்டாவதாக, கிடைத்த நிபுணர்களோ பெரும்பான்மைச் சமூகத்தினர். அச்சமும் சினமும் நிறைந்திருந்த அந்நாட்களில் அவர்கள் கோட்டைக்குள் செல்வது பாதுகாப்பானதன்று எனக் கருதப்பட்டது. மூன்றாவதாக, உள்ளே செல்லாமலும் கூட்டத்தைக் கண்ணால் காணாமலும் இருக்கையில், மாதிரிக் கணக்கெடுப்பு முறைகள் எதையும் கையாள வழியில்லை.

இந்த அச்சத்தைச் சிறிதாக எண்ணுதல் கூடாது. வீடு எரிந்து, உறவினரை இழந்து, மதிலுக்குள் ஒடுங்கியிருப்பவரிடம் ஓர் அந்நியர் காகிதமும் பேனாவுமாக வந்து பெயரையும் குடும்பத்தினரின் எண்ணிக்கையையும் கேட்டால், அவர் மெய் கூறுவார் என எதிர்பார்க்க இயலாது. பட்டியலில் பெயர் ஏறுவதே ஆபத்து என்று எண்ணுவோரும் உண்டு. பெயர் ஏறாவிடில் உணவு கிட்டாது என்று இல்லாதவரையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. எண்ணப்படுபவருக்குத் துன்பம் விளைவியாத ஒரு முறை வேண்டியிருந்தது.

மூன்று பொருள்கள், மூன்று விடைகள்

நிபுணர்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம் ஒப்பந்தக்காரர்களின் பட்டியலே. எதன் உண்மையில் ஐயம் எழுந்ததோ, அதுவே சான்றாகவும் அமைய வேண்டியதாயிற்று. நாளொன்றுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு என அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு மனிதர் சராசரியாக ஒரு நாளில் உட்கொள்ளும் அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவு முன்னர் நடந்த உணவு நுகர்வு ஆய்வுகளிலிருந்து தெரிந்திருந்தது. எனவே மொத்த அரிசியை ஒருவருக்கான அரிசியால் வகுத்தால் மக்கள் தொகை கிடைக்கும். பருப்பையும் உப்பையும் அவ்வாறே வகுத்தால் அதே தொகை இன்னும் இரு வழிகளில் கிடைக்கும். பட்டியல் உண்மையாயின் மூன்று விடைகளும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும்.

ஆனால் அவ்வாறு இல்லை. அரிசி வழியே பெற்ற தொகை மிகப் பெரிதாகவும், உப்பு வழியே பெற்ற தொகை மிகச் சிறிதாகவும் இருந்தன. விலை மிகுந்த அரிசியின் அளவு மிகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும், விலை மிகக் குறைந்த உப்பில் பொய்க் கணக்கு எழுதுவதால் ஆதாயம் இல்லையாதலால் அதன் அளவு மெய்யாக இருக்கக்கூடும் என்றும் நிபுணர்கள் முடிவு செய்தனர். உப்புக் கணக்கு காட்டிய தொகையையே செங்கோட்டையில் உள்ளோரின் தொகையாக அவர்கள் அரசாங்கத்திற்குத் தெரிவித்தனர். இந்த யோசனையைக் கூறியவர் இந்தியப் புள்ளியியல் நிலையத்துடன் நெடுங்காலம் தொடர்புடையவரான ஜே. எம். சென்குப்தா என்பவர்.

முறையைத் தெளிவுபடுத்த ஒரு கற்பனை உதாரணத்தைக் காணலாம். ஒரு முகாமின் ஒரு நாள் பட்டியலில் அரிசி 4,800 கிலோகிராம், பருப்பு 850 கிலோகிராம், உப்பு 80 கிலோகிராம் எனக் குறிக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி 400 கிராம், பருப்பு 85 கிராம், உப்பு 10 கிராம் எனவும் கொள்வோம். அரிசி 12,000 பேர் எனக் கூறுகிறது. பருப்பு 10,000 பேர் எனக் கூறுகிறது. உப்போ 8,000 பேர் என்கிறது. உப்பு சொல்வது மெய்யானால், நாள்தோறும் 4,000 பேருக்கான அரிசி, அதாவது 1,600 கிலோகிராம், பட்டியலில் மட்டும் இருந்து எவர் வயிற்றையும் அடையாமல் போகிறது. முப்பது நாட்களில் இது 48 டன் ஆகும். வேறொரு முகாமில் 4,000 பேரை ஒரு மாதம் முழுவதும் காப்பாற்றக்கூடிய உணவு இது.

உப்பு ஏன் மெய் கூறியது?

உப்பின் விலை குறைவு என்பது முதற் காரணம். உப்பின் மீதிருந்த வரியும் அந்த 1947ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டு விட்டது. மேற்கண்ட உதாரணத்தில் 4,000 பேரைப் பொய்யாகக் கூட்டிக் காட்டுவதற்கு 1,600 கிலோகிராம் அரிசி தேவைப்படும். உப்பில் அதே பொய்க்கு 40 கிலோகிராமே போதும். அதற்குக் கிடைக்கும் பணம் அற்பமானது.

இரண்டாவது காரணம், உப்பைத் திருப்பி விற்பதில் இலாபம் இல்லை. தானியத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் ஒரு மூட்டை அரிசிக்குக் கள்ளச் சந்தையில் வாங்குவோர் காத்திருந்தனர். ஒரு மூட்டை உப்பை அவ்வாறு எவரும் தேடி வரமாட்டார்.

மூன்றாவது காரணம் மனித உடலின் இயல்பைச் சார்ந்தது. வசதியுள்ளவர் பாலும் நெய்யும் காய்கறியும் மிகுதியாக உண்பர். வறியவர் அவற்றைக் குறைத்துத் தானியத்தைக் கொண்டே வயிற்றை நிரப்புவர். உணவுப் பொருள்கள் பலவற்றின் அளவு வருமானத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது. உப்பின் அளவு அவ்வாறு பெரிதும் மாறுவதில்லை. இரு மடங்கு உப்பிட்ட உணவை நாக்கு ஏற்காது; உப்பே இல்லாத உணவையும் அது ஏற்காது. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்னும் பழமொழி நுகர்வு ஆய்வாளர் கண்ட உண்மையையே கூறுகிறது. ஆள் ஒருவருக்கு இவ்வளவு என ஏறக்குறைய நிலையாக அமைந்த பொருளே தலைகளை எண்ணுவதற்கு ஏற்ற அளவுகோலாகும்.

சோதித்த பின்னரே நம்பிக்கை

இந்த அளவிலேயே நின்றிருந்தால், இதனைச் சாமர்த்தியமான ஊகம் என்றே கூறவேண்டியிருக்கும். அதனை விஞ்ஞான முறையாக ஆக்கியது அடுத்த படியாகும். ஹுமாயூன் சமாதியில் தங்கியிருந்தவர்கள் சிறு தொகையினர். அவர்களின் எண்ணிக்கையை வேறு முறைகளால் தனியே கணிக்க முடிந்தது. அம்முகாமின் உப்புக் கணக்கு அத்தனி மதிப்பீட்டுடன் நன்கு ஒத்திருந்தது. விடை தெரிந்த இடத்தில் சோதித்துப் பார்த்த முறையை விடை தெரியாத இடத்தில் நம்பிக் கையாளலாம். ராவ் அவர்கள் கூறுவதன்படி, நிர்வாக முடிவுகளுக்கு இம்மதிப்பீடு அரசாங்கத்திற்கு உதவியதோடு, புள்ளியியலின் மதிப்பையும் உயர்த்தியது.

எனினும் இம்முறையின் எல்லைகளையும் அறிந்திருத்தல் அவசியம். மேற்கண்ட உதாரணத்தில் ஒருவருக்கு உப்பு 10 கிராம் எனக் கொண்டோம். உண்மையில் அது 8 கிராமாயின் 80 கிலோகிராம் உப்பு 10,000 பேரைக் குறிக்கும். 12 கிராமாயின் சுமார் 6,670 பேரையே குறிக்கும். ஆகவே ஆள்வீத அளவு அதே உணவுப் பழக்கமுடைய மக்களிடமிருந்து பெறப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகள் மிகுதியாயிருப்பின் சராசரி குறையும். அகதிகள் தம் ஆடுமாடுகளையும் உடன் கொண்டு வந்திருந்தால் அவையும் உப்பை உண்ணும். வெளியிலிருந்து உறவினர் உணவு கொண்டு வந்து கொடுத்தால் கணக்கு குறைவாகத் தோன்றும். ஒரே ஓர் எண்ணை விடையாகக் கூறுவதினும், இன்ன தொகைக்கும் இன்ன தொகைக்கும் இடையே எனக் கூறுவதே நேர்மையாகும்.

மற்றுமோர் எல்லையும் உண்டு. தன் சொல் சாட்சியமாகக் கொள்ளப்படும் என்பதை உப்புப் பட்டியலை எழுதியவர் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால், அரிசிக்கு ஏற்ற அளவில் உப்பையும் கூட்டி எழுத அதிகச் செலவு ஆகியிராது. ஆதலால் ஒரு முறை பயன்பட்ட சாட்சி மறு முறையும் அவ்வாறே பயன்படும் என்று எண்ணிவிடலாகாது. விறகு, தண்ணீர், மண்ணெண்ணெய், உணவு இலைகள் எனப் பல பொருள்களையும் ஒருசேரக் கவனிப்பவரே ஏமாறாதிருப்பர்.

ஒருவருக்கு எவ்வளவு?

இம்முறை முழுவதும் ஆள்வீத அளவு என்னும் ஒரே தூணின் மீது நிற்கிறது. அந்த அளவை நம் நாடு பெருந்துன்பங்களின் வழியாகவே கற்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்வோரின் கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். கடும் உழைப்பாளியின் உடல் இவ்வளவில் தாங்காது எனச் சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். ஆள்வீத அளவில் சில அவுன்ஸ் குறைந்தால் ஆயிரக்கணக்கானோர் நலிவர் என்பதே அவ்வாதத்தின் சாரம். அப்பஞ்சத்தின் பின்னர் 1880இல் பஞ்சக் கமிஷனின் அறிக்கையும், அதனையொட்டிப் பஞ்ச நிவாரண விதித் தொகுப்புகளும் தோன்றின.

நீலகிரியில் குன்னூரில் அமைந்த உணவு ஆராய்ச்சி நிலையம் இத்துறையை விஞ்ஞான அடிப்படையில் நிறுத்தியது. அங்கு மெக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் நடத்திய ஆராய்ச்சிகளின் பயனாக, இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைக் கூறும் நூல் 1937இல் வெளிவந்தது. பல மாகாணங்களில் குடும்பங்கள் உண்ணும் உணவு எடைபோட்டு அளக்கப்பட்டது. அந்நிலையம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய உணவூட்ட நிலையம் எனப் பெயர் பெற்றது. வங்கப் பஞ்சத்தை அடுத்து 1944-45இல் மஹலநோபிஸ் தலைமையில் இந்தியப் புள்ளியியல் நிலையம் அப்பஞ்சத்தின் பின்விளைவுகளை மாதிரிக் கணக்கெடுப்பால் ஆராய்ந்தது. 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது. சமையலறைகளில் தராசு ஏந்திப் பொறுமையாகச் செய்த இத்தகைய பணிகள் இல்லாதிருந்தால், செங்கோட்டை வாயிலில் எவ்வளவு கூரிய அறிவும் பயன்பட்டிராது.

மிகையும் குறையும்

தொகையை மிகைப்படுத்துவது தவறு என்பதை எவரும் ஒப்புவர். குறைத்து மதிப்பிடுவது அதனினும் கொடிய தவறாகலாம். மிகைக் கணக்கால் பொருள் விரயமாகிறது. குறைக் கணக்கால் உயிர் விரயமாகிறது. ஒப்பந்தக்காரர் ஏமாற்றினார் எனக் கண்டவுடன் எல்லோருக்கும் உணவைக் குறைத்து விடுவோமாயின், தண்டனை பெறுபவர் அகதியே அன்றி ஒப்பந்தக்காரர் அல்லர். ஆகவே தொகை பற்றிய ஐயம் எழும்போது, மதிப்பீட்டின் மேல் எல்லையை வைத்து உணவை வழங்குவதும், பட்டியலைத் தணிக்கை செய்து பணத்தை வழங்குவதும் பொருத்தமான வழியாகும்.

மேலும், மொத்தத் தொகை தெரிந்த மாத்திரத்தில் வேலை முடிந்து விடுவதில்லை. 8,000 பேருக்கான அரிசி உள்ளே சென்றது என்பதால் 8,000 பேரும் உண்டனர் என்று ஆகிவிடாது. வலியவர் முன்சென்று பெறுவர். விதவையும் முதியவரும் தாயற்ற குழந்தையும் வரிசையின் கடைசியில் நிற்பர். சராசரி என்பது இவர்களின் பசியை மறைத்து விடக்கூடும்.

போங்கானில் மீண்டும் உப்பு

1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்காளம், திரிபுரா, மேகாலயா, அஸ்ஸாம் ஆகிய பகுதிகளில் முகாம்கள் நிரம்பின. மழைக்காலத்தில் காலரா பரவியது. எல்லையோர ஊராகிய போங்கானில் ஆஸ்பத்திரித் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். இரத்தக் குழாயில் செலுத்தும் உப்பு நீர் தீர்ந்து போயிற்று.

அங்கு பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலநாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கரைத்து, நோயாளிகளுக்கு வாய்வழியே புகட்டச் செய்தார். குடலில் குளுகோஸ் உட்கொள்ளப்படும்போது உப்பும் நீரும் அதனுடன் உட்செல்கின்றன என்பதே இதன் அடிப்படைத் தத்துவம். பொருள்கள் கல்கத்தாவில் அளந்து பொட்டலமிடப்பட்டன; தாய்மாரும் உறவினரும் கரைசலைப் புகட்டினர். அதற்கு முன் நூற்றுக்கு 30 என்ற அளவை எட்டியிருந்த மரண விகிதம் 3.6 ஆகக் குறைந்தது. மஹலநாபிஸ் 2022இல் காலமானார். அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

டில்லியில் தலைகளை எண்ணிய உப்பு, போங்கானில் உயிர்களைக் காத்தது. இரு இடங்களிலும் வெற்றிக்குக் காரணம் ஒன்றே. அருமையான பொருள் கிடைக்காத வேளையில், கையில் இருந்த எளிய பொருளைச் சரியான அளவறிந்து பயன்படுத்தினர்.

இக்காலத்து அளவுகோல்கள்

இன்று இடம்பெயர்ந்தோரின் தொகையைக் கணிக்க விமானப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் உதவுகின்றன. படத்தில் கூடாரங்களை எண்ணி, ஒரு கூடாரத்தில் வசிப்போரின் சராசரியை நேரில் கண்டறிந்து பெருக்குகின்றனர். தடுப்பூசி இடப்பட்ட குழந்தைகளின் தொகையிலிருந்தும் மொத்தத் தொகையை உய்த்துணர்கின்றனர். சாதனங்கள் புதியவை; ஆள்வீத அளவைக் கொண்டு மொத்தத்தை அறிதல் என்னும் தத்துவம் செங்கோட்டையில் கையாண்டதே.

நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளும் வகுக்கப்பட்டுள்ளன. பல நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, நெருக்கடிக் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,100 கிலோகலோரி உணவும் குறைந்தது 15 லிட்டர் நீரும் தேவை எனக் கூறுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நாகப்பட்டினம் முதலிய கடலோரப் பகுதிகளைச் சுனாமி தாக்கிய பின், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. இருப்பிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றில் நிவாரண முகாம்களுக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும் கடமையையும், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் சிறப்பு ஏற்பாடுகளைப் பரிந்துரைக்கும் கடமையையும் இச்சட்டம் தேசிய ஆணையத்தின் மீது சுமத்தியுள்ளது. டில்லியில் உள்ள அவ்வாணையத்தின் வழிகாட்டு நெறிகளில், முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடமும், வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,400 கிலோகலோரி உணவும் குறிக்கப்பட்டுள்ளன.

சராசரி மறைக்கும் பசியைக் காண்பதற்கும் ஓர் எளிய கருவி உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுப்பகுதியை ஒரு நாடாவால் அளக்கின்றனர். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அக்குழந்தை கடுமையான ஊட்டக்குறைவுக்கு உள்ளாகியிருப்பதாகக் கொண்டு உடனே சிகிச்சையளிக்க வேண்டும். பட்டியலில் அரிசி எவ்வளவு குறிக்கப்பட்டிருப்பினும், குழந்தையின் கை மெலிந்திருந்தால் உணவு அதனைச் சென்றடையவில்லை என்பதே பொருள். இந்தச் சாட்சியை எந்த ஒப்பந்தக்காரரும் திருத்த முடியாது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வெள்ளமோ புயலோ நேர்ந்து பள்ளிக் கட்டிடம் முகாமாக மாறும்போது, முதல் நாளிலிருந்தே சமையலறையில் செலவாகும் பொருள்களை எடைபோட்டு நாட்குறிப்பில் எழுதி வருதல் நலம். அரிசி, பருப்பு ஆகியவற்றுடன் உப்பு, விறகு அல்லது எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் ஆள்வீத அளவால் வகுத்து, வரும் தொகைகளை ஒப்பிட வேண்டும். அவை தம்முள் மாறுபடின் காரணத்தைத் தேட வேண்டும். திருட்டு மட்டுமே காரணம் என உடனே முடிவு கட்டுதல் கூடாது. இரவில் மட்டும் வந்து தங்குவோர், பகலில் மட்டும் வந்து உண்போர், பதிவில் விடுபட்டோர் ஆகியோர் இருப்பதையும் இம்மாறுபாடு காட்டலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாக அமைக்கலாம். மாணவர் விடுதி ஒன்றில் ஒரு வாரத்தில் செலவாகும் உப்பை எடைபோட்டு, உண்டவர்களின் தொகையால் வகுத்து, ஆள்வீத அளவை மாணவர்களே கண்டறியட்டும். பின்னர் வேறொரு விடுதியின் உப்புச் செலவை மட்டும் கேட்டறிந்து, அங்கு உண்பவர் எத்தனை பேர் எனக் கணித்து, வருகைப் பதிவேட்டுடன் ஒத்துப் பார்க்கட்டும். எவ்வளவு பிழை வந்தது, ஏன் வந்தது என விவாதிக்கட்டும். ஹுமாயூன் சமாதியில் நடந்த சோதனையைத் தம் ஊரிலேயே செய்து பார்த்த அனுபவம் அவர்களுக்குக் கிட்டும். வகுத்தல் கணக்கின் பின்னே ஒருவருடைய உணவு இருக்கிறது என்பதையும் அவர்கள் உணர்வர்.

முடிவாக

ஹுமாயூன் சமாதி 1993இலும் செங்கோட்டை 2007இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் அங்கே கலையழகைக் கண்டு மகிழ்கின்றனர். அம்மதில்களுக்குள் ஒரு காலத்தில் நம் நாட்டு மக்களே அஞ்சி ஒடுங்கியிருந்தனர் என்பதையும், அவர்களை அச்சுறுத்தாமல் எண்ணி உணவளிக்க வழிதேடிய அறிஞர்கள் இருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்வது தகும்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது உண்டவருக்குக் கூறப்பட்ட அறிவுரை. உப்பிடும் பொறுப்பில் இருப்போருக்கும் அதில் ஒரு கடமை உண்டு. உண்ண வேண்டியவர் எத்தனை பேர், அவர்களுள் உண்ணாதவர் யார் என்பதை அவர்கள் நாள்தோறும் அறிந்திருத்தல் வேண்டும். நிவாரணப் பணியில் நேர்மையான கணக்கும் ஒருவகைத் தருமமேயாகும்.